திரை இருண்ட காரணம்

மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் நாடி பார்க்கிறார். நோய் எப்போது தொடங்கியது, எந்த வேளையில் மிகுகிறது, உண்டபின்பா உறங்கும்போதா என ஒவ்வொன்றாக வினவுகிறார். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தைக் கற்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் அதே வழி, வீட்டு மேசைமீது இருக்கும் கணினிக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கணினி பழுதுற்றால் இரண்டு தட்டுத் தட்டுவோரும், உடனே புதியது வாங்குவோரும் உண்டு. இடையில் ஒரு வழி இருக்கிறது.

ராஜஸ்தான் மாநிலத்தின் ஜோத்பூர் நகரில், அரசுப் பணியின்பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பிலும் மகன் ஏழாம் வகுப்பிலும் பயில்கின்றனர். டிசம்பர் மாதத்தில் அவ்வீட்டுக் கணினித் திரை திடீர் திடீரென இருளத் தொடங்கியது. ‘நோ சிக்னல்’ என்னும் சொற்கள் சிறு கட்டத்துள் தோன்றும். மூன்று நான்கு நொடிகளில் படம் தானே மீண்டும் வந்துவிடும். சில நாள்களில் ஒருமுறை, சில நாள்களில் ஆறேழு முறை. மகளுக்கோ கணினி அறிவியல் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

பழுதுபார்க்கும் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அரைமணி நேரம் மேசையருகே நின்று பார்த்தார். அவர் நின்ற வரையில் திரை ஒருமுறையும் இருளவில்லை. “திரை பழையது, மாற்றிவிடுங்கள்” என்று சொல்லிப் புறப்பட்டார். புதிய திரை வாங்கினால், கோடை விடுமுறையில் நால்வரும் ஊருக்குச் செல்வதற்கென எடுத்துவைத்திருந்த பணத்தில் கைவைக்க நேரும். ஊரில் பாட்டி அவர்களைக் கண்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“அப்பா, ஒரு வாரம் பொறுங்கள். காரணம் என்னவென்று நானும் தம்பியும் பார்க்கிறோம்” என்றாள் மகள்.

தந்தை இசைந்தார். ஒரே ஒரு கட்டளை மட்டும் இட்டார். திரையின் பின்மூடியையோ, கணினிப் பெட்டியினுள் இருக்கும் மின்வழங்கிப் பகுதியையோ எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அக்கட்டளை மிகவும் சரியானது. அப்பகுதிகளில் உள்ள மின்தேக்கிகள், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஊறு நேரலாம்.

சமிக்ஞை என்பது யாது?

பேச்சுவழக்கில் ‘சிக்னல்’ என்று சொல்வதை எழுத்துவழக்கில் ‘சமிக்ஞை’ என்கிறோம். ‘சிக்னல் இல்லை’ என்று திரை அறிவிக்கும்போது பலரும் திரைமீதே ஐயம் கொள்கின்றனர். உண்மையில் அந்த அறிவிப்பைக் காட்டும் ஆற்றல் திரைக்கு இருக்கிறது என்றாலே, அதன் விளக்கு எரிகிறது, மின்சாரம் வருகிறது, எழுத்தைக் காட்டவும் அதனால் முடிகிறது என்பது விளங்கும். தொலைபேசியில் மறுமுனைப் பேச்சு அறுந்ததும், “ஒன்றும் கேட்கவில்லையே” என்று சொல்பவரைப் போன்றது அது. அவருடைய செவியில் குறை இருக்கலாம். ஆனால் முதலில் ஐயுற வேண்டியது இடையில் உள்ள இணைப்பையே.

அந்த இணைப்பின் வழியே எவ்வளவு செய்தி ஓடுகிறது என்பதை அறிந்தால் வியப்புண்டாகும். இக்காலத்துத் திரைகள் பலவற்றில் ஒரு வரிசைக்கு 1920 படப்புள்ளிகள், அத்தகைய வரிசைகள் 1080. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். இந்தப் படம் நொடிக்கு 60 முறை புதிதாக அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 இலக்கங்கள், அதாவது சுழியும் ஒன்றுமாகிய 24 ‘பிட்’டுகள் வேண்டும். ஆக, ஒரு நொடியில் ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள், கேபிள் என வழங்கும் அந்த மெல்லிய இணைப்புவடத்தினுள் ஓடுகின்றன. அசையாத ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஓட்டம் நிற்பதில்லை.

பழைய கணினிகளில் ‘விஜிஏ’ என்னும் இணைப்பு இருந்தது. 1987ஆம் ஆண்டு அறிமுகமான அதில் 15 ஊசிமுனைகள் உண்டு. இருபுறமும் திருகாணி இருந்ததால் இறுக முறுக்கிவிடலாம். அது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகவே படத்தை அனுப்பியது. எனவே வடம் கெட்டால் படம் மங்கும், நிழல் தட்டும், ஒரு நிறம் குறைந்து மஞ்சளாகவோ நீலமாகவோ தோன்றும். கெடுகிறேன் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

இன்று பரவலாக உள்ள ‘எச்டிஎம்ஐ’ இணைப்பின் இயல்பு வேறு. அதில் 19 தொடுமுனைகள் உள்ளன. படம் சுழியும் ஒன்றுமாகச் செல்வதால், ஓரளவு இடையூறு நேர்ந்தாலும் திரையில் ஒரு குறையும் தெரியாது. எல்லையைத் தாண்டினாலோ, சில பொறிப்புள்ளிகள் மின்னும், அல்லது படம் முழுவதும் அறுந்துபோகும். மேலும், வீட்டில் பயன்படும் எச்டிஎம்ஐ செருகிகளுக்குப் பெரும்பாலும் திருகாணி இல்லை. உராய்வினால் மட்டுமே பிடித்து நிற்கின்றன. மேசையைச் சுவரோடு நெருக்கித் தள்ளினாலும் வடத்தின் எடை கீழ்நோக்கி இழுத்தாலும் அவை மெல்ல நழுவும்.

கணினியும் திரையும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் முறையும் சுவையானது. வடத்தைச் செருகியதும் கணினி ஒரு முனைவழியே 5 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. திரை அதைப் பெற்று, 19ஆம் முனைவழியே ‘வந்துவிட்டேன்’ எனத் தெரிவிக்கிறது. பின்னர்த் தன் அளவு என்ன, எத்தனை புள்ளிகளைக் காட்ட இயலும் என்னும் விவரங்கள் அடங்கிய சிறு அறிமுகச் சீட்டை அளிக்கிறது. அதன்பிறகே படம் புறப்படுகிறது. 19ஆம் முனையில் ஒரு கணம் தொடர்பு விட்டாலும், திரை எழுந்து போய்விட்டதாகவே கணினி கருதும். தொடர்பு மீண்டதும் வணக்கம் முதலாக எல்லாவற்றையும் மறுபடியும் தொடங்கும். ஒரு கண இடையூற்றுக்கு மூன்று நான்கு நொடி இருள் ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

குறிப்பேடு

அக்காவும் தம்பியும் முதல் நாள் எதையும் தொடவில்லை. ஒரு பழைய குறிப்பேட்டில் கட்டங்கள் வரைந்தனர். இருண்ட நேரம், எத்தனை நொடி, திரையின் மின்விளக்கு எந்நிறம், அப்போது கணினியில் என்ன வேலை, அறையில் என்ன நடந்தது என்று ஐந்து பகுதிகள். கடைசிப் பகுதி தேவையில்லை என்றாள் அக்கா. பாயில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் தம்பிக்குப் பொழுது போகவேண்டுமே என்று விட்டுவைத்தாள்.

அன்று மாலையே இரண்டு செய்திகள் கிடைத்தன. திரை இருளும்போதும் அதன் கீழோர விளக்கு அணையவில்லை. எனவே சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் தடையில்லை. ஒலிபெருக்கியில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டும் நிற்கவில்லை. எனவே கணினி இயங்கிக்கொண்டேயிருந்தது. பாட்டு நின்று, கணினி தொடக்கத்திலிருந்து எழுந்திருந்தால், வழி வேறாகப் பிரிந்திருக்கும். அப்போது ஐயம் மின்வழங்கியின்மீதோ வெப்பத்தின்மீதோ சென்றிருக்கும். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே இருண்டதால், மின்சாரத்தைச் சேமிக்கக் கணினி தானே திரையை அணைக்கும் ஏற்பாடும் காரணமன்று. அந்த ஏற்பாடு, விசையையோ சுட்டியையோ நெடுநேரம் தொடாதிருந்தால் மட்டுமே செயற்படும்.

விண்டோஸ் கணினிகளில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் ஒருசேர அழுத்தினால் படத்தை உருவாக்கும் மென்பொருள் மீண்டும் தொடங்கும். இருண்டே கிடக்கும் திரைக்கு அது உதவக்கூடும். தானே மீளும் திரைக்கு அதனால் பயனில்லை. பிள்ளைகள் அதையும் செய்துபார்த்துக் குறித்துக்கொண்டனர்.

இரண்டாம் நாள் ஞாயிறு. கணினியை அணைத்துவிட்டு மேசையைச் சற்று முன்னே இழுத்துப் பார்த்தனர். வடம் சுவருக்கும் திரைக்கும் இடையே மடங்கி நசுங்கியிருந்தது. நேராக்கி, இருமுனைகளையும் இறுகச் செருகினர். அன்று முழுவதும் திரை ஒருமுறைகூட இருளவில்லை. மாலையில் எல்லாரும் கட்டிலில் அமர்ந்து, பாட்டியுடன் காணொளியில் நெடுநேரம் உரையாடினர். பழுது நீங்கிவிட்டது என்று தம்பி குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதினான்.

திங்கள் மாலை திரை நான்கு முறை இருண்டது.

ஒருநாள் நோய் தோன்றாமையால் நோய் தீர்ந்ததென்று கொள்ளமுடியாது என்பதை அவர்கள் அறிந்தது இவ்வாறுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு சிறப்பும் இருந்தது. அது அப்போது இருவர் கண்ணிலும் படவில்லை.

பொறுமை இழந்த அக்கா செவ்வாயன்று ஒரு பிழை செய்தாள். அண்டை வீட்டு மாமாவிடம் வேறொரு வடம் இரவல் வாங்கி மாட்டினாள். அதே வேளையில், நொடிக்கு 60 முறை என்றிருந்த படப் புதுப்பிப்பையும் 30 ஆகக் குறைத்தாள். இருளுதல் இரண்டாகக் குறைந்தது. குறைத்தது எது? வடமா, எண்ணிக்கையா? சொல்ல இயலவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பது பழுதறிவோர் விதி. இரண்டு மருந்தை ஒன்றாக விழுங்கியவருக்கு எது பலித்ததென்று தெரியாது. மறுநாள் எண்ணிக்கையை மட்டும் பழையபடி 60 ஆக்கினாள். அன்றும் இருமுறையே இருண்டது. ஆகவே வேறுபாட்டைச் செய்தது வடந்தான். இரவல் வடம் பழையதைவிடக் குட்டையாகவும் பருமனாகவும் இருந்தது. அதன் ஒரு முனையருகே சிறு உருளை போன்ற தடிப்பொன்றும் காணப்பட்டது. ஆனால் நல்ல வடத்திலும் பழுது முற்றும் நீங்கவில்லை என்பதுதான் புதிர்.

வியாழனன்று அவர்கள் செய்த சோதனையே கடைக்காரரின் கூற்றுக்கு விடையளித்தது. திரையைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய வடத்தைக்கொண்டு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கணினியோடு இணைத்தனர். இரவு உணவு வேளையில் தொலைக்காட்சியும் இருண்டது. திரை குற்றமற்றது! சமையலறையிலிருந்து வந்த அம்மா, “அப்படியென்றால் பணத்தைத் தொடவேண்டாம், இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

கடைசிப் பகுதி

வெள்ளிக்கிழமை தம்பி குறிப்பேட்டை மேலிருந்து கீழாகப் படித்தான். எதிலும் ஒழுங்கு தெரியவில்லை. நேரம் ஒன்றுபோல் இல்லை. செய்த வேலை ஒன்றுபோல் இல்லை. மின்தடை ஏற்பட்டு இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கும் கணத்தில் இவ்வாறு நிகழ்வதுண்டு என்று மாமா சொல்லியிருந்தார். ஆனால் அந்த வாரத்தில் மின்தடையே ஏற்படவில்லை. பிறகு, விளையாட்டாக விட்டுவைத்த ஐந்தாம் பகுதியைப் பார்த்தான். ‘அக்கா தண்ணீர் குடிக்கப் போனாள்.’ ‘வாசல் மணி அடித்தது, அக்கா போனாள்.’ ‘அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்.’

“அக்கா, நீ எழுந்தால்தான் திரை அணைகிறது!”

அவள் நகைத்தாள். எழுந்து செல்பவளின் முதுகுதான் திரையை நோக்கியிருந்தது. அதனால் இத்தனை நாளும் அவள் அதைக் கண்டதில்லை. பாயில் இருந்தவனுக்கே அது தெரிந்தது. ஞாயிறன்று எல்லாரும் கட்டிலில் அமர்ந்திருந்ததும், கடைக்காரர் நின்றுகொண்டே பார்த்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அச்சுழல் நாற்காலியில் அந்த நேரங்களில் எவரும் அமரவில்லை.

உடனே பழைய வடத்தை மாட்டிச் சோதித்தனர். அக்கா சுழல் நாற்காலியில் அமர்ந்து சட்டென்று எழுந்தாள். இருபது முறை எழுந்ததில் திரை ஐந்து முறை இருண்டது. பிறகு சாப்பாட்டு மேசையின் மரநாற்காலியைப் போட்டு இருபது முறை. ஒருமுறையும் இருளவில்லை. தம்பி நம்பாமல், தானும் அமர்ந்து எழுந்து பார்த்தான்.

இதில் மாயம் ஏதுமில்லை. கம்பளிச் சட்டையும் செயற்கையிழைத் துணியும் உராயும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் இடம்பெயர்கிறது. சீப்பால் உலர்ந்த தலையை வாரித் தாள்துண்டுகளை ஈர்க்கும் விளையாட்டு அனைவரும் அறிந்ததே. காற்றில் ஈரம் இருந்தால் அம்மின்னூட்டம் அவ்வப்போது கசிந்து மறைந்துவிடும். ஜோத்பூர் பாலைநிலத்தின் விளிம்பில் உள்ள நகரம். குளிர்காலத்தில் அங்குக் காற்று மிகவும் வறண்டிருக்கும். கதவின் கைப்பிடியைத் தொட்டவுடன் விரல்நுனியில் சுள்ளென்று தைப்பதும் அக்காலத்தில்தான். அவ்வாறு தைப்பதை மனிதர் உணர்வதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். ஆயினும் அதில் ஓடும் மின்னோட்டம் ஒரு கணத்தில் தீர்ந்துவிடுவதால் தீங்கில்லை. மழைக்காலத்தில் இத்தொல்லை இல்லாமல் டிசம்பரில் தொடங்கியதன் காரணமும் இதுவே. திரைக்கு வயதானதனால் அன்று.

சுழல் நாற்காலியை ஏற்றி இறக்குவதற்கு இருக்கைக்குக் கீழே வாயு அடைத்த உலோக உருளை உண்டு. அமர்ந்தவர் எழும்போது இருக்கையின் துணி ஆடையைவிட்டுப் பிரிகிறது, உருளை அசைகிறது. அங்குள்ள உலோகப் பகுதிகளுக்கிடையே தேங்கிய மின்னூட்டம் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறியாகத் தாவுகிறது. பொறி எங்குத் தோன்றினாலும் மின்காந்த அலை எழும். ஊரில் பாட்டி வீட்டு வானொலி, தொலைவில் மின்னல் வெட்டும்போதெல்லாம் கரகரப்பதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாற்காலியில் எழுந்தது ஒரு குட்டி மின்னல். மேசைக்கடியில் நாற்காலியின் அருகே தொங்கிய நீண்ட வடம், அலையைப் பிடிக்கும் வானலைக்கம்பி போல் ஆகிவிட்டது. 300 கோடி பிட்டுகளின் ஓட்டத்தில் ஒரு கணம் குழப்பம் புகுந்தது. திரையும் கணினியும் கைவிட்டுப் போய் மறுபடியும் கைகோத்தன. இத்தகைய நாற்காலிகளால் திரை இருளுவது கணினித்துறையினர் பலரும் கண்டறிந்த ஒன்று. ஆனால் நாற்காலியை ஐயுறுவது யாருக்கும் எளிதில் தோன்றுவதில்லை.

இரவல் வடத்தின் தடிப்பும் இப்போது பொருள்பட்டது. அதனுள் இருப்பது ‘பெரைட்’ என்னும், இரும்பு ஆக்சைடு கலந்து சுட்ட பீங்கான் போன்ற பொருளாலான வளையம். வடத்தின் புறப்பரப்பில் ஊர்ந்துவரும் வேண்டாத உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை அது மட்டுப்படுத்துகிறது. வடத்தினுள் கம்பிகளைச் சுற்றி உலோகப் பின்னல் உறை நன்கு அமைந்திருந்தால் அலை உட்புகுவதும் குறையும். மலிவான வடங்களில் இவ்வுறையே மெலிந்திருக்கும். நீளம் குறையக் குறைய அலையைப் பிடிக்கும் வாய்ப்பும் சுருங்கும். நீளமான வடம் வசதி என்று வாங்கிச் சுருட்டி வைப்பது பல வீடுகளின் வழக்கம். அது நல்ல வழக்கமன்று.

எல்லா வீட்டிலும் நாற்காலியே காரணமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் நழுவிய செருகியை அழுத்தினாலே போதும். அதிகப் புள்ளிகள் கொண்ட புதிய திரைக்குப் பழைய வடத்தை மாட்டுவதும் ஒரு காரணம். 3840க்கு 2160 என்னும் அளவுள்ள திரைக்கு, முன்சொன்ன அளவைப்போல் நான்கு மடங்கு புள்ளிகளை அனுப்பவேண்டும். ஒற்றையடிப் பாதையில் நான்கு வண்டிகளை ஓட்டினால் என்னாகும்? விளையாட்டு ஓடும்போது மட்டும் இருண்டால் வெப்பத்தை ஐயுறலாம். ஒரே திரை எந்தக் கணினியோடு இணைத்தாலும் இருண்டால், அப்போதுதான் கடைக்காரர் சொன்னது மெய்யாகும்.

சனிக்கிழமை அக்காவும் அப்பாவும் கடைக்குச் சென்று, இரண்டு மீட்டருக்குக் குறைந்த, பெரைட் வளையமுள்ள, நல்ல உறையிட்ட வடம் ஒன்றை வாங்கினர். புதிய வடத்தை மேசையின் பின்புறமாகக் கொண்டுசென்று, நாற்காலிக்கு எட்டாத உயரத்தில் கட்டினர். தேர்வு முடியும்வரை மரநாற்காலியே போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். சுழல் நாற்காலி அப்பாவின் செய்தித்தாள் மூலைக்குப் போயிற்று. அன்றிரவே அப்பா, மே மாதத்துத் தொடர்வண்டிகளைத் தேடத் தொடங்கினார்.

கடையில் நடந்ததையும் சொல்லவேண்டும். எதற்காக வடம் மட்டும் வாங்குகிறார்கள் என்று கேட்ட கடைக்காரரிடம், குறிப்பேட்டைக் காட்டி அவள் அனைத்தையும் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பணத்தைப் பெற்றுக்கொண்டு பெட்டியில் போட்டார். பின்னர்த் தம் கடையின் சுழல் நாற்காலியில் அமர்ந்து, எதிரிலிருந்த திரையைப் பார்த்தபடியே மெல்ல ஒருமுறை எழுந்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் அமர்ந்து, இம்முறை சட்டென்று எழுந்தார்.